தொண்டை அடைத்த நாட்களில் ஒரு கேசட்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்னைப் பற்றி நாற்பத்தொரு பக்கத்துக்கு ஒரு ஃபைல் வைத்திருக்கிறது. எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த விவரம் எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில் டாக்டர் எழுதியிருக்கும் முடிவைச் சுருக்கிச் சொன்னால், ‘ஒன்றுமில்லை’. அந்த ஒன்றுமில்லையைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது. ஐந்து நாளும் நான் சாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். உயில் எழுத உட்கார்ந்தேன். எழுதிவைக்க எதுவும் அகப்படாததால் எழுந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் இதே கதியில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவர் கையில் சிலேட்டோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு உபயோகப்படலாம். தவிர, எழுதுவதற்குக் குரல் வேண்டாம்.

எனக்கு வண்ணார்பேட்டையில் வீடு. சின்னதாக ஒரு மெல்லிசைக் குழு வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் கொடைவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எது அழைத்தாலும் போவோம். இரண்டு பாட்டுக்கு நடுவே பேசிச் சிரிக்கவைப்பது என் வேலை. பாடகர் வராத நாளில் பாடுவதும் நானே. டோலக் வாசித்தவன் காதர், மேலப்பாளையத்துக்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன். இருபத்திரண்டு வருஷம் மேடையில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். எனக்குக் குரல் போன அந்த வருஷம் வைகாசியில் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான்.

அது நடந்து முப்பத்தெட்டாம் நாள் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஏழு மணி. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான் வழக்கம்போல இடது பக்கம் திரும்பி, “என்ன காதர், பொண்ணு வீட்டுச் சாப்பாடு எப்படி?” என்று மைக்கில் கேட்டேன். இப்படிக் கேட்டால் டோலக்கில் ஒரு பதில் வரும், சனங்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு டோலக்குக்குப் பின்னால் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்த ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு சபையைப் பார்த்து அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். காற்று மட்டும் வந்தது.

மைக் போய்விட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. மறுபடி பேசினேன். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், கையை விரித்தேன், மைக்கைக் கும்பிட்டேன். சபை உருண்டு புரண்டு சிரித்தது. ஊமை வேஷம் போடுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி என் சட்டையில் ஒரு நோட்டைக் குத்திவிட்டு, “இதுவரைக்கும் நீரு செஞ்சதுல இதுதான் வே டாப்பு” என்றார். அவ்வளவு கைதட்டலை நான் பேசி வாங்கியதே கிடையாது. அந்த எரிச்சல் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

என் மனைவி பகவதி பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சர். வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். முதல் நாள் சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் சித்தரத்தை. மூன்றாம் நாள் அதிமதுரம். ஏழாம் நாள் தெருவே வந்து ஆளுக்கொரு வேரைக் கொடுத்துவிட்டுப் போனது. வந்தவர்களெல்லாம் என்னிடம் ரகசியக் குரலில் பேசினார்கள். நான் கிசுகிசுத்தால் அவர்களும் கிசுகிசுக்கிறார்கள். என் வீடு திருடர்கள் கூடிப் பேசும் இடம் போலாகிவிட்டது. சிலர் எனக்குக் காதும் போய்விட்டது என்று முடிவு செய்து கத்தினார்கள்.

ஒரு நோட்டு வாங்கி எழுதிக் காட்ட ஆரம்பித்தேன். பேச்சுக்கு நடுவே ஒரு நல்ல ஜோக் தோன்றும். அதை எழுதி முடித்து நீட்டுவதற்குள் பேச்சு மழைக்கும் மண்ணெண்ணெய்க்கும் போயிருக்கும். ஒருநாள் பகவதி இரக்கப்பட்டு நோட்டை வாங்கி வந்தவர்களிடம், “இவுக ஒரு ஜோக் எழுதியிருக்காக” என்று அறிவித்துவிட்டு, அரசாணை வாசிப்பதுபோல் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. “மன்னிச்சிருங்க, எனக்கு இவ்வளவுதான் வரும்” என்று என்னிடம் சொன்னாள். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்த இடம். சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

பத்தாம் நாள் எனக்குப் புற்றுநோய் என்று நானே தீர்மானித்துவிட்டேன். வெற்றிலை, புகையிலை, இருபது வருஷப் பழக்கம். ராத்திரியில் டார்ச் லைட்டும் கண்ணாடியுமாக நின்று என் வாய்க்குள் நானே பார்த்தேன். உள்நாக்கு என்று ஒன்று எல்லோருக்கும் தொங்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதைக் கட்டி என்று நினைத்துக் கட்டிலில் வந்து விழுந்தேன். பகவதி எழுந்து விளக்கைப் போட்டு, தன் வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்கும் தொங்கியது. “இப்ப தூங்குதியளா?” என்றாள்.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், சிரிக்காத மனுஷர். காத்திருப்புக் கூடத்தில் இரண்டரை மணி நேரம். அங்கே எல்லோரும் எச்சில் விழுங்குவதைக்கூடக் கவனமாகச் செய்தார்கள். உள்ளே போனதும் என் நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, நீளக் கம்பி வைத்த சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டித் தொண்டைக்குள் விட்டார். சூடு காட்டாவிட்டால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடுமாம். “ஈ சொல்லுங்க” என்றார். நாக்கு அவர் கையில் இருக்கிறது, குரல் ஊரிலேயே இல்லை, இதில் ஈ எங்கிருந்து வரும். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து அவர் கடிகாரத்தில் வாந்தி எடுத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரியாப் பாக்க முடியல. படுக்க வச்சு, மயக்கம் குடுத்துப் பாத்திருவோம்” என்றார்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அடுத்த கட்டிலில் சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். அவருக்குத் தொண்டையில் புற்று. மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளை போட்டுச் சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகப் போகவேண்டிய காற்று அது வழியாகப் போகும். அதனால் பேச்சு வராது. அவர் ஒரு சிலேட் வைத்திருந்தார். முதல் நாள் என்னிடம், ‘கேன்சரா?’ என்று எழுதிக் காட்டினார். ‘தெரியல’ என்று எழுதினேன். ‘எனக்குத் தெரியும்’ என்று எழுதிவிட்டுத் தன் கழுத்தைத் தட்டிச் சிரித்தார். குழாயில் புஸ் புஸ் என்று காற்று வந்தது. இந்த ஊரில் என்னைவிட நன்றாக ஜோக் அடிக்கும் ஒருவர் அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவருக்கு மின்விசிறி வேண்டாம், எனக்கு வேண்டும். சுவிட்ச் இரண்டு கட்டிலுக்கும் நடுவே. அரை மணி நேரம் சிலேட்டும் நோட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அவர் என் தகப்பனாரைப் பற்றி எழுதினார். நான் கருப்பட்டியில் மணல் கலப்பவர்களைப் பற்றி எழுதினேன். நர்ஸ் வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வழியில்லாமல் திரும்பிப் போனார்.

நான்காம் நாள் ஆபரேஷன் தியேட்டர். முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதற்காக. விடிகாலையில் எனக்குப் பயம் முற்றிவிட்டது. நோட்டில் பகவதிக்கு ஒரு கடைசிக் கடிதம் எழுதினேன். மறுமணம் செய்துகொள்ள என் முழுச் சம்மதம் உண்டு, ஆனால் பாடகர் யாரும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அவள் படித்தாள். கூஜாவைத் திறந்து தனக்கு மட்டும் காபி ஊற்றிக் குடித்தாள். “டைப் அடிச்சு மூணு காப்பி எடுத்து வச்சிருதேன்” என்றாள். ஸ்ட்ரெச்சர் நகரும்போது மட்டும் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் கதவுவரை வந்தாள். விரலை விடும்போது அவள் கை ஜில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என் பயம் இரண்டு மடங்கானது.

மறுநாள் காலை டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். “இருமுங்க” என்றார்.

இருமினேன்.

“இன்னொருக்கா, நல்லா.”

நல்ல கனத்த இருமல் வந்தது. “கேட்டீங்களா, அது உங்க குரல்தான்” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். தொண்டைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண் என்று பெயர். பேசும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து அதிரவேண்டும். அதிர்ந்தால் குரல், சேராவிட்டால் வெறும் காற்று. என்னுடையவை பார்க்கப் பழுதில்லாமல் இருக்கின்றன. கட்டி இல்லை, நரம்பில் கோளாறு இல்லை. இருமச் சொன்னால் சேர்கின்றன. பேசச் சொன்னால் சேர மாட்டேன் என்கின்றன. ‘ஃபங்ஷனல் அபோனியா’ என்றார். அதாவது உறுப்பில் குறையில்லை, அது செய்யும் வேலை நின்றுபோயிருக்கிறது. “வீடு சரியா இருக்கு, வயரிங் சரியா இருக்கு. சுவிட்சைத்தான் உள்ளேயிருந்து யாரோ அணைச்சு வச்சிருக்காங்க. அன்னைக்கு மேடையில யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?”

‘சபையிடம்’ என்று நோட்டில் எழுதினேன். பின்னால் நின்ற பகவதி, “காதர் அண்ணன்ட்ட” என்றாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றதை அவர் கேட்கக் கேட்க எழுதிக் கொடுத்தேன். காதர் இறந்த அன்றைக்கு நான் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று வேறு ஆளை வைத்திருந்தோம். நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போன் வந்தது. அவர்கள் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் பழகிய எனக்கு அது தெரியாததல்ல. அப்போதே ஒரு கார் பிடித்திருந்தால் மண் போட்டிருக்கலாம். பெண் வீட்டார் சங்கடப்படுவார்களே என்று பெரிய மனுஷன்போல் நினைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சிரிக்கவைத்தேன். மறுநாள் காலை மேலப்பாளையம் போனேன். காதரின் அண்ணன் மைதீனிடம், “என்ன வே, என்னைய ஏத்தாம வண்டிய எடுத்துட்டானே” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அதோடு பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் படித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். குரல் எந்த நிமிஷமும் வரலாம் என்றார். ஆனால் இரண்டு மூன்று மாதம் தாண்டிவிட்டால் தொண்டைக்கு இதுவே பழக்கமாகிவிடும், பிறகு கஷ்டம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஐந்து நாள் நான் பட்ட பாட்டுக்கு ஒரு நல்ல வியாதியாவது இருந்திருக்க வேண்டாமா. பார்க்க வந்தவர்களிடம் ஒன்றுமில்லையாம் என்று சொன்னபோது அவர்கள் முகம் விழுந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்த ஒருவர் அதைத் திருப்பி எடுத்துப்போகலாமா என்று ஒரு கணம் யோசித்ததை நான் பார்த்தேன். பில்லை வாசித்த பகவதி மட்டும், “ஒண்ணுமில்லங்கிறதுதான் இருக்கிறதுலயே வெல கூடுன சாமான் போல” என்றாள். கருப்பட்டி அண்ணாச்சி என் நோட்டை வாங்கி, ‘போய்ப் பேசு. என் பங்கையும் சேத்துப் பேசு’ என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஒருமுறை அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் பயிற்சி கொடுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று முனக வேண்டும், இருமலிலிருந்து ஆ என்று இழுக்க வேண்டும், தினம் அரை மணி நேரம். அவர் வாரத்துக்கு ஒருநாள்தான் பார்ப்பார் என்பதால் வீட்டிலேயே கேசட்டில் பதிந்து கொண்டுவரச் சொன்னார். காதரின் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்து விற்ற டேப்ரிக்கார்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. முன்னறையில் பதிந்தால் டவுன் பஸ் ஹாரன் விழுந்தது. அடுக்களையில் பக்கத்து வீட்டுக் குக்கர். மிச்சமிருந்தது படுக்கையறை. ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியதால் பகவதி மெத்தையை எடுத்து ஜன்னலில் சாத்தி, பீரோவை அதற்கு முட்டுக் கொடுத்தாள். விசிறியை அணைத்தோம். வியர்த்து வழிய நான் கட்டிலில் உட்கார்ந்து மாடு மாதிரி முனக, அவள் பதிவுக்கான இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருப்பாள். ஒரு வாரம் முனகினேன். டாக்டர் கேட்டுவிட்டு, “முன்னேற்றம் இல்ல” என்றார்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பகவதி, “ஆமினாவ இன்னும் போய்ப் பாக்கலியே” என்றாள். ஆமினா காதரின் மனைவி. அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பாள், வெளி ஆண்களின் முகம் பார்ப்பதில்லை. துக்கம் கேட்கப் போகிற ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து, திரைக்குப் பின்னால் இருப்பவளிடம் பேசிவிட்டு வரவேண்டும். எனக்குக் குரல் இல்லையே என்று எழுதிக் காட்டினேன். “வாய் இருந்தப்ப மட்டும் போனியளோ” என்றாள்.

போனேன். மைதீன் முன்னறையில் பாய் போட்டு உட்காரவைத்தார். அவர் தறி நெய்கிறவர். தறிச் சத்தத்துக்கு மேலே முப்பது வருஷம் பேசிப் பழகியவர். திரைக்கு அந்தப் பக்கம் ஆமினா பீடி சுற்றும் முறத்தை மடியில் வைத்திருந்தாள் போலிருக்கிறது. இலையின் சரசரப்புக் கேட்டது. நான் திரையைப் பார்த்துக் கிசுகிசுத்தேன். உள்ளே எட்டவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போவது முறையில்லை. கடைசியில் மைதீன் காதில் சொன்னேன், அவர் எடுத்துச் சொல்லட்டும் என்று.

“நான் அன்னைக்கே வந்திருக்கணும்” என்றேன் அவர் காதில்.

“அண்ணாச்சி அன்னைக்கே வந்திருக்கணுமாம்” என்று மைதீன் முழங்கினார். எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரு கல்யாணத்துக்காக இருந்துட்டேன். தப்புதான்.”

“கல்யாணத்துல இருந்துட்டாஹளாம். தப்புதானாம்.”

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். உள்ளேயிருந்து சரி என்று ஒரு சொல் வந்தது. இன்னும் சொல்ல வைத்திருந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் வருத்தத்தைத் தெருவில் ஏலம் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது மைதீனைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், காதரைத் திட்டினேன். கண்டக்டர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து டிக்கெட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குப் போய் மெத்தையை ஜன்னலில் சாத்தினேன். என்னிடம் சத்தம் இல்லை, டேப்ரிக்கார்டரில் சத்தம் கூட்டும் திருகு இருக்கிறது. மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துக் கிசுகிசுத்தால் எல்லாம் விழும். திரைக்குப் பின்னால் அதை யார் உதவியும் இல்லாமல் கேட்கலாம். முதலில் மன்னிப்பைப் பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். போட்டுக் கேட்டால் குழந்தையைக் கடத்தியவன் போனில் மிரட்டுவதுபோல் இருந்தது. பாட்டாகச் சொன்னேன். அது பரவாயில்லை.

அப்படித்தான் ஏழு பாட்டு வந்தது. இத்தனை வருஷம் பிறர் பாட்டைப் பாடியவனுக்கு அதுதான் முதல் சொந்தக் கேசட். எல்லாம் மெதுவான பாட்டு. கலை நோக்கம் எதுவும் கிடையாது. மடிப்புகள் சேராவிட்டால் மூச்சு ஒழுகிப் போய்விடும். ஒரு மூச்சுக்கு மூன்று நாலு சொல்தான் தாங்கும். மூன்று நாலு சொல், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று நாலு சொல். வேகப் பாட்டாகவே பாடிப் பிழைத்தவனுக்கு அந்த நிறுத்தங்கள் நரகம். ஆஸ்பத்திரி பெஞ்சைப் பற்றி ஒரு பாட்டு, பகவதி கால் விரலைப் பிடித்ததைப் பற்றி ஒன்று, கருப்பட்டி அண்ணாச்சிக்கு ஒன்று. மூன்றாவதாக வந்தது இது:

பைய நட, பைய நட,
பாதி வழி போயாச்சு.
கூட வந்த காலடியக்
காணலியே, என்ன ஆச்சு.

அதைப் பதிவதற்கு ஆறு நாள் ஆனது. ஒருநாள் நடுவே கரண்ட் அழுத்தம் குறைந்து என் குரல் ராட்சசன் குரலாக இறங்கியது. ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டு, பகவதி பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தாள். ஒருநாள் எல்லாம் சரியாகப் போய்க் கடைசி வரியில் கீரைக்காரி ஜன்னலுக்கு வெளியே நின்று முளைக்கீரை என்று கூவினாள். அந்தப் பெண்ணுக்கு ஆண்டவன் கொடுத்திருந்த குரல்வளையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாம் நாள் மூன்றாவது வரியில் நின்றுபோனேன். அழுகை வந்தது, அதற்கும் சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பகவதி பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கடைசி வரியைப் பாடினேன். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று சைகை காட்டினேன். “வேண்டாம். இது இருக்கட்டும்” என்றாள். அலுவலகத் தட்டச்சில் ‘பைய’ என்று அடித்துக் கேசட்டில் ஒட்டினாள்.

டாக்டர் கேட்டார். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார், வெளியே கூட்டம் காத்திருந்தபோதும். “பாட்டு நல்லாருக்கு. குரல் வரல” என்றார். ஆவணி பிறந்திருந்தது. அவர் சொன்ன கெடுவில் இன்னும் மூன்று வாரம் மிச்சம்.

இத்தா முடிய ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பகவதியும் நானும் மேலப்பாளையம் போனோம். பகவதி டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போய்விட்டாள். நான் மைதீனோடு முன்னறையில். அவர் எனக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துத் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டார். உள்ளே பொத்தான் விழும் சத்தம். என் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நான் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க, என்னைவிடச் சத்தமாக நான் அடுத்த அறையில் பாடிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்விடலாம் என்று செருப்பைப் பார்த்தேன். மைதீன் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில், “இரும் வே” என்றார்.

இரண்டு பாட்டு முடிந்தது. மூன்றாவது பாட்டு ஆரம்பித்து, முதல் வரி முடிந்து, மூச்சுக்காக நான் விட்டிருந்த நிறுத்தம் வந்தது. அந்த நிறுத்தத்தில் உள்ளேயிருந்து தட் தட் என்று ஒரு தட்டு விழுந்தது. முறத்தின் மேல் விரல். இரண்டாவது வரி, மறுபடி தட்டு. ஆமினாதான். தாளம் தெரிந்த கைதான், ஆனால் அரை அடி முன்னால் விழுகிறது. மூன்றாவது வரிக்கும் அதே இடத்தில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மேடையில் தாளம் பிசகினால் என் உடம்பே தூக்கிப் போடும்.

“அங்கன இல்ல தங்கச்சி, அடுத்த அடியில.”

மைதீன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கேசட்டில் பதிந்த கிசுகிசுப்பு இல்லை. கடைசி வரிசைவரை எட்டும் என் பழைய முரட்டுக் குரல். உள்ளே டேப்பை யாரோ நிறுத்தினார்கள். “ஏங்க” என்றாள் பகவதி திரைக்குள்ளிருந்து.

பிறகு ஆமினா பேசினாள். சத்தம் போடாமல், நிதானமாக.

“அவுக வீட்டுல அங்கனதான் அடிப்பாக அண்ணாச்சி. மேடையிலதான் ஒங்களுக்காக மாத்தி அடிச்சாக.”

இருபத்திரண்டு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தனக்கென்று ஒரு தாளம் இருந்திருக்கிறது, நான் அதைக் கேட்டதே இல்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது. பேசலாம், குரல் இருக்கிறது. மைதீன் என் முழங்காலில் கையை வைத்தார்.

“அப்ப அங்கனயே அடிங்க தங்கச்சி” என்றேன். “நான் பேசல.”

பகவதி நாடாவைப் பின்னால் ஓட்டினாள். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.